வளர்ப்புப் பிராணிகளுக்கு இல்லத்தில் அளிக்கும் கருணை மரணம்

தீராத நோயினாலோ, முதுமையின் தளர்ச்சியினாலோ, பெரும் விபத்தினாலோ இனி மீட்க இயலாத வேதனைக்கு ஆளாகிவிட்ட நாய், பூனை முதலிய வளர்ப்புப் பிராணிகளை, மருத்துவசாலைக்குத் தூக்கிச் செல்லாமல், அவை வாழ்ந்து பழகிய வீட்டிலேயே, கால்நடை மருத்துவர் ஒருவர் மருந்து செலுத்தி வலியின்றி உயிர் நீங்கச் செய்வது இல்லக் கருணை மரணமாகும். ‘தூங்க வைத்துவிட்டோம்’, ‘ஊசி போட்டு அனுப்பிவிட்டோம்’ என்று வீட்டார் இதனைக் குறிப்பிடுவர். மோட்டார் வண்டியும் நகர மருத்துவசாலைகளும் பெருகுவதற்கு முன், கால்நடை வைத்தியரே நோயாளியின் இருப்பிடத்தை நாடிச் செல்வது எங்கும் வழக்கமாயிருந்தமையால், இது முற்றிலும் நூதனமான ஏற்பாடு என்று கொள்வதற்கில்லை; எனினும், இதனையே தமது முழுநேரத் தொழிலாகக் கொண்ட மருத்துவர்களும் ஸ்தாபனங்களும் தோன்றியது, பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் பிரிட்டனிலும், இருபத்தோராம் நூற்றாண்டில் நிகழ்ந்ததே.

வரலாறு

பிராணிகளின் துன்பத்தை மரணத்தால் முடித்துவைக்கும் வழக்கம் பழையது. துன்பமின்றி முடித்துவைக்க வேண்டும் என்ற கவலைதான் பிற்காலத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நகரங்களில் வேண்டாத நாய்களையும் நோயுற்ற நாய்களையும் நீரில் அமிழ்த்தியும், அடித்தும், எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கப்படும் ஸ்டிரிக்னைன் என்னும் நஞ்சை ஊட்டியும் கொன்று வந்தனர். ஸ்டிரிக்னைன், அறிவு தெளிவாயிருக்கையிலேயே உடலை வில்லாக முறுக்கிக் கொல்லும் கொடிய பொருளாகும். இக்கொடுமையைக் காணப் பொறாத ஆங்கில மருத்துவர் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்ஸன் என்பவர், குளோரோஃபார்ம் ஆவியும் கார்பன் மானாக்ஸைடு வாயுவும் கலந்து நிரப்பப்படும் ஓர் அறையை வகுத்து, 1884இல் லண்டனிலுள்ள பாட்டர்ஸீ நாய்கள் காப்பகத்தில் நிறுவினார். அக்காலத்தில் அது ஜீவகாருண்யத்தின் வெற்றியாகப் போற்றப்பட்டது. இன்றைய அளவுகோலுக்கு அது போதாது என்பது வேறு விஷயம். 1930ஆம் ஆண்டையொட்டி பென்டோபார்பிட்டால் என்னும் பார்பிட்டுரேட் வகை மருந்து மயக்கமூட்டியாக மருத்துவ உலகில் புகுந்த பிறகுதான், பிராணியை முதலில் உறங்கச் செய்து, அவ்வுறக்கத்தினூடேயே உயிரை நீங்கச் செய்வது சாத்தியமாயிற்று. எந்த முறை ஏற்கத்தக்கது, எது விலக்கத்தக்கது என்று வரையறுக்க அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 1963இல் முதன்முறையாக ஓர் அறிக்கையை வெளியிட்டது. பலமுறை திருத்தப்பெற்று, 2020இல் வெளிவந்த பதிப்புவரை வளர்ந்துள்ள அவ்வறிக்கையையே பல நாடுகளின் மருத்துவர்கள் பிரமாணமாகக் கொள்கின்றனர்.

2009ஆம் ஆண்டு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. பிராணிகளின் அந்திமகாலப் பராமரிப்புக்கென அமீர் ஷனான் என்ற மருத்துவர் ஒரு சர்வதேசச் சங்கத்தை அமைத்ததும், ஃபுளோரிடாவில் டேனி மெக்வெட்டி என்ற இளம் மருத்துவர் வீடு தேடிச் சென்று இப்பணி புரியும் ‘லாப் ஆஃப் லவ்’ நிறுவனத்தைத் தொடங்கியதும் அவ்வாண்டில்தான்.

நிகழும் முறை

வீட்டில் நடைபெறும்போது இது பெரும்பாலும் இரண்டு கட்டங்களாக நிகழ்கிறது. மருத்துவர் வந்தவுடன் பெட்டியைத் திறந்துவிடுவதில்லை. சிறிது நேரம் அமர்ந்து, பிராணி தம்மை முகர்ந்து பார்க்க இடங்கொடுத்து, வீட்டாரிடம் நடக்கப்போவதை ஒவ்வொன்றாக விளக்கி, உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெற்றுக்கொள்கிறார். பின்னர் தோலுக்கடியிலோ தசையிலோ ஒரு மயக்க மருந்தைச் செலுத்துகிறார். அசிப்ரோமசின், மெடிடோமிடின், கெட்டமின், வலியடக்கும் பியூட்டார்பனால் ஆகியவற்றுள் இரண்டு மூன்றைப் பிராணியின் நிலைக்கேற்பக் கலந்து கொடுப்பதுண்டு. இந்த ஊசியின் சுருக்கென்ற வலி ஒன்றே பிராணி உணரக்கூடிய கடைசி வலி. அதனையும் மறைக்க, நாய்க்குப் பிரியமான இறைச்சித் துண்டோ பாலேடோ வாயருகில் நீட்டப்படுகிறது. நாய்க்கு நஞ்சென்று வாழ்நாள் முழுவதும் விலக்கப்பட்ட சாக்லெட்டை இத்தருணத்தில் மட்டும் தாராளமாக ஊட்டும் வழக்கம் அமெரிக்க மருத்துவர்களிடையே பரவியிருக்கிறது. விதியை மீறுவதிலும் ஒரு வாஞ்சை உண்டு போலும்.

ஐந்து முதல் பதினைந்து நிமிஷங்களுக்குள் பிராணி ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்ந்துவிடுகிறது. தொட்டாலும் கிள்ளினாலும் உணர்வில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே, முன்னங்காலிலோ பின்னங்காலிலோ ஓடும் சிரையில் மெல்லிய குழாயைச் செருகி, அடர்ந்த பென்டோபார்பிட்டால் கரைசலை மருத்துவர் செலுத்துகிறார். வேறு திரவங்களோடு மாறிப்போகாதிருக்கும் பொருட்டு இக்கரைசலுக்குக் கண்ணைப் பறிக்கும் நிறம் ஏற்றப்பட்டிருப்பதுண்டு. மருந்து முதலில் மூளையின் மேற்பரப்பை அடக்கி அறிவை அவிக்கிறது. அடுத்து, மூளைத்தண்டிலுள்ள சுவாச மையத்தை நிறுத்துகிறது. இறுதியில் இருதயம் ஓய்கிறது. அறிவு போன பிறகே மூச்சும், மூச்சு போன பிறகே நாடியும் நிற்கின்றன என்னும் இந்த வரிசைதான் பார்பிட்டுரேட்டுகளுக்கு ஏனைய பொருள்களைவிட ஏற்றத்தைத் தந்தது. பொட்டாசியம் குளோரைடும் மக்னீசியம் சல்ஃபேட்டும் இருதயத்தை நிறுத்த வல்லவையாயினும், அறிவை மங்கச் செய்யும் ஆற்றல் அவற்றுக்கில்லாமையால், ஆழ்ந்த மயக்கத்திலில்லாத பிராணிக்கு அவற்றைச் செலுத்துவது கருணை மரணமாகாது, கொடுமையேயாகும் என்பது மேற்சொன்ன அறிக்கையின் தெளிவான தீர்ப்பு. இந்தியாவில் பென்டோபார்பிட்டால் எளிதில் கிட்டாத இடங்களில் தையோபென்டோன் என்னும் மற்றொரு பார்பிட்டுரேட் பயன்படுகிறது.

நீரிழப்பினால் சிரைகள் சுருங்கிப்போன முதிய பூனைகளுக்கு வேறு வழி வேண்டியிருக்கிறது. பூர்ண மயக்கத்தில் இருக்கும் பூனையின் சிறுநீரகத்திலோ வயிற்றறையிலோ மருந்தைச் செலுத்துவது அவ்வகையில் ஏற்கப்பட்டதே. மயக்கமுறாத பிராணியின் இருதயத்தில் நேரே ஊசியிடுவது எக்காரணத்தாலும் ஏற்கப்படுவதில்லை.

முன்னறிவிப்பின்றிக் கண்டால் வீட்டாரைத் திகைக்கச் செய்யும் சில குறிகள் உண்டு. அனுபவமுள்ள மருத்துவர் அவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுவார். பிராணியின் கண்கள் மூடிக்கொள்வதில்லை. சிறுநீரும் மலமும் தாமே வெளியேறக்கூடும். ஆகவேதான் படுக்கையின் கீழ் உறிஞ்சும் துணி விரிக்கப்படுகிறது. உயிர் நீங்கிய பின்னும் தசைகள் துடிப்பதும், மார்பு ஓரிருமுறை விரிந்து மூச்சுப்போல ஒலிப்பதும் உண்டு. அவை நரம்புகளின் எஞ்சிய அசைவேயன்றிப் பிராணி திரும்பி வந்ததற்கோ துன்புற்றதற்கோ அடையாளமல்ல. ஸ்டெதாஸ்கோப்பைச் சில நிமிஷம் மார்பின்மீது வைத்துக் கேட்டு, ஒலி அறவே இல்லை என்று தெளிந்த பிறகே மருத்துவர் மரணத்தை அறிவிக்கிறார்.

இல்லத்தின் தகுதி

மருத்துவசாலையில் இதே மருந்து இதே வரிசையில் கொடுக்கப்படுமாயின், வீட்டில் செய்வதால் விளையும் வேறுபாடு என்ன? பூனையைக் கூடையில் அடைத்து வண்டியில் ஏற்றும்போதே அதன் அச்சம் தொடங்கிவிடுகிறது. எலும்புப் புற்றினாலோ மூட்டுவாதத்தினாலோ எழுந்திருக்கவே இயலாத பெரிய நாயை மாடிப்படியில் சுமந்து இறக்குவது அதற்குக் கடும் வேதனை. வழுக்கும் இரும்பு மேஜையும், அந்நியப் பிராணிகளின் வாசனையும், முன்பு அங்கே பட்ட ஊசிகளின் நினைவும் அதன் கலக்கத்தைப் பெருக்குகின்றன. கலக்கமுற்ற பிராணிக்கு மயக்க மருந்து மெதுவாகவே பிடிக்கும். ஆகவே, தன் பாயில், தன் மூலையில், தன் மனிதர்களின் குரல் கேட்கும் தூரத்தில் படுத்திருப்பது பிராணிக்குச் சௌகரியம் மட்டுமன்று, மருத்துவத்திற்கே துணைசெய்வதுமாகும். உரிமையாளருக்கும் பிறர் எதிரில் கண்ணீர் சிந்தி நிற்கும் சங்கடமும், கலங்கிய மனத்தோடு வண்டியோட்டித் திரும்பும் அபாயமும் இல்லை.

ஆனால் இதன் குறைகளையும் மறைப்பதற்கில்லை. வீட்டில் உதவியாளரும், பிராணவாயுவும், போதிய வெளிச்சமும் மருத்துவசாலையில் உள்ளவாறு இருப்பதில்லை, சிரை அகப்படாமல் நேரம் நீளலாம், கட்டணமும் அதிகம். மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் பிராணியை, மருத்துவர் நாளை மாலை வருவார் என்று வீட்டிலே காத்திருக்க வைப்பது அதற்கு இழைக்கும் அநீதியே; அந்நிலையில் அருகிலுள்ள மருத்துவசாலையே தக்க இடம். வீட்டில் நிகழ வேண்டும் என்னும் ஆசை உரிமையாளருடையதாகவும், அதன் விலையைச் செலுத்துவது பிராணியாகவும் ஆகிவிடலாகாது.

நாள் குறித்தல்

இவ்விஷயத்தில் மருந்தும் இடமும் எளிய பகுதிகள். கடினமானது நாளைக் குறிப்பதே. மனிதனைப்போல் பிராணி தன் விருப்பத்தைச் சொல்ல வல்லதன்று. பூனையோ தன் வலியை ஒளித்துக்கொள்ளும் இயல்புடையது. நாயோ தன் மனிதன் வாயிலில் நுழையும் ஒலி கேட்டதும், உடம்பில் எஞ்சியுள்ள பலத்தையெல்லாம் திரட்டி வாலை ஆட்டிவிடும். அந்த வாலாட்டலைக் கண்டு இன்னும் ஒரு வாரம் என்று ஒத்திப்போடுபவர் பலர்.

இம்மயக்கத்தைத் தெளிவிக்கும் பொருட்டு, புற்றுநோய் வைத்தியத்தில் வல்லவரான அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் ஓர் அளவுமுறையை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியாயிருத்தல் ஆகிய ஏழுக்கும் தனித்தனியே பத்துக்குள் மதிப்பிட்டுக் கூட்டவேண்டும். 35க்கு மேற்பட்டால் பராமரிப்பைத் தொடரலாம். வலி என்னும் தலைப்பினுள் மூச்சுத் திணறலை முதன்மையாக அவர் அடக்கியது கூர்ந்த நோக்கம். ஏனெனில் உண்ணாமையைவிட மூச்சின்மையே பெருந்துன்பம். எண்கள் நாளைக் குறித்துக் கொடுத்துவிடும் என்று நம்புவது பேதைமையாயினும், ஒவ்வொரு வாரமும் தாளில் குறித்துவைப்பவர், நினைவு தம்மை ஏமாற்றுவதிலிருந்து ஓரளவு தப்புகின்றனர். ‘ஒரு நாள் பிந்துவதைக் காட்டிலும் ஒரு வாரம் முந்துவது மேல்’ என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. மண்ணீரலில் கட்டி வளர்ந்து எக்கணமும் உள்ளே இரத்தம் பெருகக்கூடிய நாயின் விஷயத்தில் இது பொருந்தும், மெல்ல மெல்ல முதுமையடையும் பூனைக்கு அத்தனை பொருந்தாது.

எதிர்ப்பக்கத்தில், வசதிக்காக மட்டும் ஆரோக்கியமான பிராணியைக் கொல்லச் சொல்லும் உரிமையாளர்களும் எங்கும் உள்ளனர். அத்தகைய வேண்டுகோளை மறுக்கும் உரிமை மருத்துவருக்கு உண்டு. மறுத்துவிட்டு, அதனால் அப்பிராணி தெருவில் விடப்படுமோ என்று அஞ்சுவதும் அவருக்கே நேர்கிறது. இத்தொழிலில் ஈடுபட்டோரிடம் காணப்படும் மனச்சோர்வுக்கு மரணத்தைக் காண்பதைவிட இவ்விதத் தர்மசங்கடங்களே மிகுந்த காரணம் என்று கருத இடமுண்டு.

அஹிம்சையும் கருணை மரணமும்

இந்தியாவில் இப்பிரச்சினை பகிரங்கமாக விவாதிக்கப்பட்டது 1928இல், சபர்மதி ஆசிரமத்துக் கன்றுக்குட்டி ஒன்றின் பொருட்டு. ஊனமுற்று வேதனையில் கிடந்த அக்கன்றுக்கு இயன்ற சிகிச்சையும் பணிவிடையும் செய்யப்பட்டன. பிழைக்க வழியில்லை என்று வைத்தியர் கைவிட்டார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்புவதற்கும் அது துடித்தது. காந்தியடிகள் இவ்விஷயத்தை ஆசிரமவாசிகளின் முன் வைத்தார். படைக்க இயலாத உயிரைப் பறிக்க நமக்கு உரிமையில்லை என்று அண்டையிலிருந்த பெரியவர் ஒருவர் தீவிரமாக எதிர்த்தார். சுயநலத்துக்காகக் கொல்லும் இடத்தில் அவ்வாதம் செல்லுமேயன்றி இங்கே செல்லாது என்பது காந்தியடிகளின் விடை. முடிவில் தம் முன்னிலையிலேயே ஒரு மருத்துவரைக்கொண்டு நஞ்சு ஊசி போடுவித்தார். இரண்டு நிமிஷங்களுக்குள் யாவும் முடிந்தது. கால்நடையின் தொழுவத்திலேயே, அதனைப் பேணியவர் அருகிருக்க நிகழ்ந்த அதனை, இக்கட்டுரைப் பொருளுக்கு இந்நாட்டின் முன்னோடி எனலாம்.

செப்டம்பர் இறுதியில் ‘நவஜீவன்’ பத்திரிகையிலும், அக்டோபர் 4ஆம் நாள் ‘யங் இந்தியா’விலும் அவர் இதனை விரிவாக எழுதியபோது கண்டனக் கடிதங்கள் குவிந்தன; அவற்றுள் பல மரியாதையின் எல்லையைக் கடந்தவை. நோயாளியின் நன்மைக்காகக் கத்தியைப் பிரயோகிக்கும் ரணசிகிச்சை வைத்தியன் ஹிம்சை புரிவதில்லை என்றும், கொல்லாமை ஒன்றையே அஹிம்சையாகக் கருதி, பிராணிகளை அணுஅணுவாக வதைப்பதைப் பொறுத்துக்கொண்டிருப்பது அஹிம்சையின் பேரால் நிகழும் மூடத்தனம் என்றும் அவர் வாதித்தார். அதே வேளையில் வரம்புகளையும் வகுத்தார்: நோய் தீராததாயிருக்க வேண்டும், சம்பந்தப்பட்ட யாவரும் நம்பிக்கை இழந்திருக்க வேண்டும், எவ்விதப் பணிவிடையும் பயன்படாத நிலை வேண்டும், துன்புறுவோர் தம் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாதவராயிருக்க வேண்டும். இன்றைய மருத்துவச் சங்கங்களின் நெறிமுறைகள் இந்நான்கிற்கு அப்பால் அதிகம் சென்றுவிடவில்லை என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

எதிர்த்தரப்பின் நிலையையும் அலட்சியமாய்த் தள்ளுவதற்கில்லை. வயதான மாடுகளையும் முடமான பிராணிகளையும் இயற்கையான இறுதிவரை போஷிக்கும் பிஞ்சராபோல்கள் ஜைனரின் அறநெறியிலிருந்து எழுந்தவை. கர்மவினையின் போக்கில் பிறர் குறுக்கிடலாகாது என்பது அவர்தம் சித்தாந்தம். பௌத்தம் வேரூன்றிய ஜப்பானிலும் கருணை மரணத்தை நாடுவோர் மேலைநாட்டாரைவிடத் தயங்குகின்றனர். மூத்த நாய்களைப் பேணும் விடுதிகளும், இறந்த பிராணிகளுக்குச் சடங்கு நிகழ்த்தும் கோவில்களும் அங்கே உள்ளன. அமெரிக்காவின் அந்திமகாலப் பராமரிப்பு இயக்கத்தினுள்ளேயே, வலியை மருந்தால் அடக்கிக்கொண்டு இயற்கை மரணத்துக்குக் காத்திருப்பதை ஆதரிக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. வலியடக்கும் மருந்தும் இடையறாத பணிவிடையும் உண்மையிலேயே கிட்டுமிடத்தில் அது மதிக்கத்தக்க மார்க்கம். அவையின்றி வெறுமனே காத்திருப்பது வேறு.

சட்டம்

பென்டோபார்பிட்டால் மனிதர்க்கும் அபாயகரமானதாகையால் பல நாடுகளிலும் கடுங்காவலுக்குட்பட்ட மருந்தாக உள்ளது. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய மருந்துகளைப் பதிவுபெற்ற இடத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று விதித்திருந்ததனால், வீடு தேடிச் செல்லும் மருத்துவர் ஒவ்வொருவரும் ஏட்டளவில் குற்றவாளியாகவே இருந்தார். இவ்விசித்திர நிலையை 2014இல் நிறைவேறிய கால்நடை மருத்துவர் நடமாட்டச் சட்டம் நீக்கிற்று. ஜெர்மனியின் பிராணிகள் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காரணமின்றி முதுகெலும்புள்ள எப்பிராணியையும் கொல்வதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆகவே அங்கே உரிமையாளரின் விருப்பம் மட்டும் போதாது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச்சட்டத்தின் 13ஆம் பிரிவு, கொடுமையின்றி அகற்ற இயலாதவாறு கடுமையாய் நோயுற்ற அல்லது காயமுற்ற பிராணியை, கால்நடை மருத்துவரின் சான்றின் பேரில் அழிக்கப் போலீஸ் அதிகாரிக்கு இடமளிக்கிறது. தெருநாய்களைப் பொறுத்தவரை, தீரா நோயுற்றவற்றுக்கும் பிழைக்க இயலாத காயமுற்றவற்றுக்கும் மட்டுமே 2023ஆம் ஆண்டின் கருத்தடை விதிகள் இதனை அனுமதிக்கின்றன.

உடலும் துக்கமும்

பென்டோபார்பிட்டால் இறந்த உடலிலும் மண்ணிலும் நெடுங்காலம் சிதையாமல் நிற்கும். இம்மருந்தால் இறந்த பிராணியின் உடலை ஆழமாகப் புதைக்காமல் விட்டால், அதனைத் தோண்டித் தின்னும் பிற மிருகங்களும் பறவைகளும் மயங்கி மடிகின்றன. அமெரிக்காவில் வழுக்கைத் தலைக் கழுகுகள் இவ்வாறு இறந்தது கண்டு, இம்மருந்துப் புட்டிகளின்மீது எச்சரிக்கை பொறிக்க வேண்டும் என்று அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2003இல் ஆணையிட்டது. ஆகவே எரியூட்டுவதே பெரும்பாலோரின் தேர்வாக உள்ளது. பல உடல்களை ஒருங்கே எரிப்பதும், தனியே எரித்துச் சாம்பலை உரியவரிடம் ஒப்படைப்பதும் என இரு வகை உண்டு. காரநீரில் உடலைக் கரைக்கும் முறையும் அண்மைக்காலத்தில் வழக்கிற்கு வந்துள்ளது. பிராணிகளுக்கென்றே அமைந்த மயானங்களில் லண்டன் ஹைடு பார்க்கிலுள்ளது 1881இலும், நியூயார்க் அருகே ஹார்ட்ஸ்டேலில் உள்ளது 1896இலும், பாரிஸ் அருகே ஆனியேரில் உள்ளது 1899இலும் தோன்றியவை.

பிராணியை இழந்தவரின் துக்கத்துக்கு ஊர் வந்து விசாரிப்பதில்லை. விடுப்புக் கொடுக்கும் அலுவலகமும் அரிது. சமூகம் அங்கீகரிக்காத இத்தகைய துக்கத்தை 1989இல் கென்னத் டோகா என்ற அறிஞர் தனி ஆய்வுப் பொருளாக்கினார். அவ்வாண்டிலேயே கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளி தொலைபேசி வழியே ஆறுதல் கூறும் சேவையைத் தொடங்கியது. பிரிட்டனில் புளூ கிராஸ் சங்கம் 1994இல் அதனைப் பின்பற்றியது. கருணை மரணத்தில் இத்துக்கத்தோடு, நாளைக் குறித்தவர் தாமே என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது. இன்னும் முன்னரே செய்திருக்கலாம் என்றும், அவசரப்பட்டுவிட்டோம் என்றும் ஒருவரே இரு திசைகளிலும் தம்மை நொந்துகொள்வதை மருத்துவர்கள் அடிக்கடி காண்கின்றனர்.

வீட்டிலுள்ள பிற பிராணிகளின் நிலையும் கவனிக்கப்பட்டு வருகிறது. இத்தாலியில், வீட்டில் குறைந்தது இரண்டு நாய்கள் வளர்த்து ஒன்றை இழந்த 426 உரிமையாளர்களிடம் விசாரித்து 2022இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், எஞ்சிய நாயிடம் விளையாட்டுக் குறைந்தது, உணவு குறைந்தது, உறக்கம் மிகுந்தது, மனிதரை விடாது சுற்றிவந்தது என்று பலர் தெரிவித்தனர். உரிமையாளரின் துயரமே நாயைத் தொற்றியதா, தோழனின் பிரிவையே அது உணர்ந்ததா என்பதை இத்தகைய விசாரணையால் பிரித்தறிவது கடினம். எனினும், இறந்த உடலை மற்றப் பிராணிகள் முகர்ந்து பார்க்கச் சிறிது நேரம் விட்டுவைப்பது இல்லத்தில் இப்பணி புரியும் மருத்துவர் பலரின் வழக்கமாகிவிட்டது. சில நாய்கள் அருகில் வந்து படுத்துக்கொள்கின்றன. பூனைகள் பெரும்பாலும் ஒருமுறை முகர்ந்துவிட்டு அகன்றுவிடுகின்றன.